நாயின் முழங்காலை அளத்தல்

கிராம அபிவிருத்தி என்று சொன்னவுடன் கிணறு, சாலை, பள்ளிக்கூடம், விதை, உரம் என்பவையே நினைவுக்கு வருகின்றன. கால்நடை அபிவிருத்தி என்றால் பசு, எருமை, ஆடு, கோழி ஆகியவை சேரும். நாய் அந்த ஜாபிதாவில் இடம் பெறுவதே இல்லை. ஆயினும் ஆட்டுப்பட்டியைக் காப்பதும், களத்தில் குவித்த நெல்லருகே கிடப்பதும், இரவில் தோட்டத்து வாயிலில் கண் விழித்திருப்பதும் நாய்தான். அது ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டத் தொடங்கினால் என்ன செய்வது என்பதைப் பற்றி நம் பக்கங்களில் எவரும் எழுதியதாக நினைவில்லை. ஆகவே அதனை எழுத முற்பட்டோம்.

பள்ளிக்கரணை 2011-ம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. அதன் சதுப்பு நிலம் 2022-ம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. பள்ளிக்கரணையிலும், அதன் அண்டை ஊர்களான மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் முதலியவற்றிலும் வயல்கள் குறைந்து வீடுகள் பெருகிவிட்டன. என்றாலும் ஆடு மாடு வளர்ப்போர் இன்றும் இருக்கின்றனர். நாய் இல்லாத தெருவே இல்லை. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ஓயாத வண்டிப் போக்குவரத்து உண்டு. அதனால், பின்னங்கால் நொண்டும் நாயைக் கண்டால், “வண்டியில் அடிபட்டது” என்று முடிவு கட்டிவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது.

இம்முடிவு பல சமயங்களில் தவறானது. அடியே படாமல், முழங்காலுக்குள் இருக்கும் ஒரு நார் சிறிது சிறிதாக நைந்து அறுந்து போவதால் நொண்டும் நாய்கள் ஏராளம். வளர்ந்த நாய்களின் பின்னங்கால் நொண்டலுக்கு உலகெங்கும் மிகச் சாதாரணமாகக் காணப்படும் காரணங்களுள் இஃது ஒன்று. இதை அறியாதவர்கள் எண்ணெய் தேய்த்து மூங்கில் பற்றை வைத்துக் கட்டுகிறார்கள். சிலர் வீட்டிலுள்ள வலி மாத்திரையைச் சோற்றில் பிசைந்து கொடுக்கிறார்கள். மனிதருக்கான இபுபுரூபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதை இங்கேயே அழுத்தமாகச் சொல்லி வைக்கிறோம். இவை எதுவும் பலிக்காதபோது, “இனி இது உதவாது” என்று நாயைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அது நாய்க்குச் செய்யும் தீங்கு மட்டுமன்று. அங்கு வந்து தங்கும் பறவைகளுக்கும், அவ்வழியே நடந்து செல்லும் குழந்தைகளுக்கும் செய்யும் தீங்குமாகும்.

இனி நாயின் முழங்கால் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பின்னங்காலில் பின்னோக்கி மடிந்து துருத்திக்கொண்டு தெரிகிறதே, அதைத்தான் பலர் முழங்கால் என்று எண்ணுகின்றனர். அது கணுக்கால். உண்மையான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றோடு ஒட்டினாற்போல் முன்னோக்கி மடிந்திருக்கிறது. மேலே தொடை எலும்பு, கீழே கீழ்க்கால் எலும்பு, முன்புறத்தில் முட்டிச்சில்லு. நாய்க்கு இவற்றோடு இன்னும் மூன்று சிறு எலும்புமணிகள் மூட்டின் பின்புறத்தில் உள்ளன. படத்தை முதன்முதல் பார்ப்பவர் இவற்றை உடைந்த எலும்புத் துண்டுகள் என்று எண்ணிக் கலங்குவதுண்டு. அவை பிறவியிலேயே இருப்பவை.

தொடை எலும்பின் உருண்ட முனைகள் கீழ்க்கால் எலும்பின் மேல்தளத்தில் உட்காருகின்றன. இடையே பிறை வடிவமான இரண்டு குருத்துத் திண்டுகள் மெத்தைபோல் கிடக்கின்றன. மூட்டின் நடுவில், ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இரண்டு நார்கள் உண்டு. சிலுவைபோல் அமைந்திருப்பதால் இவற்றைச் சிலுவை நார்கள் என்பர். அவற்றுள் முன்புறத்து நாரே அறுந்து போவது.

அது ஏன் அறுகிறது? கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் திண்ணையைப்போல் மட்டமாக இருப்பதில்லை. பின்புறம் நோக்கிச் சரிந்திருக்கிறது. மனிதருக்கு இச்சரிவு பெரும்பாலும் பத்து டிகிரி அளவிலேயே உள்ளது. நாய்களுக்கோ 18 முதல் 28 டிகிரி வரை இருப்பது சாதாரணம். மேலும், மனிதன் முழங்காலை நேராக நீட்டி நிற்கிறான்; நாய் எப்போதும் சுமார் 135 டிகிரி கோணத்தில் மடக்கியே நிற்கிறது. சாய்ந்த பலகையின்மேல் ஓர் அம்மிக்குழவியை வைத்து, அது உருளாதபடி ஒரு கயிற்றால் கட்டியிருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். குழவி தொடை எலும்பு, பலகை மேல்தளம், கயிறு முன் சிலுவை நார். நாய் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் கயிறு விறைக்கிறது. குழவி கனத்தால், அதாவது நாய் அளவுக்கு மிஞ்சிக் கொழுத்தால், விறைப்பும் மிகும். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு இழுபட்டு, நாரின் இழைகள் ஒவ்வொன்றாய் நைகின்றன. ஒருநாள் பந்தைத் துரத்தும்போதோ வரப்பைத் தாண்டும்போதோ மிச்சமுள்ளவையும் அறுந்துவிடுகின்றன. வீட்டாருக்கோ அன்றுதான் நோய் வந்ததுபோல் தோன்றுகிறது.

இதற்கு முன்னறிகுறிகள் உண்டு. படுத்து எழுந்தவுடன் சில அடிகள் நொண்டிவிட்டுப் பிறகு சரியாவது; உட்காரும்போது காலை ஒழுங்காக மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உட்காருவது; நிற்கும்போது விரல் நுனியை மட்டும் தரையில் தொடுவது; ஒரு பக்கத்துத் தொடை மெலிவது; முழங்காலின் உட்புறம் தடித்துக் கெட்டியாவது. இவற்றுள் இரண்டொன்றைக் கண்டாலும் காலம் கடத்தாமல் கால்நடை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

வைத்தியர் முதலில் கையினாலேயே பார்ப்பார். ஒரு கையால் தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னோக்கித் தள்ளினால், நார் அறுந்த மூட்டில் அது மேசை இழுப்பறைபோல் முன்னே நகரும். எக்ஸ்-ரே படத்தை அதற்குப் பின்பே நாடுவது முறை.

எக்ஸ்-ரே என்பது 1895-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்னும் விஞ்ஞானி கண்டறிந்த கதிர். 1901-ம் ஆண்டில் பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே அளிக்கப்பட்டது. எலும்பு அக்கதிரைத் தடுத்து வெள்ளையாகத் தெரியும். நார் அவ்வாறு தடுக்காது. ஆகவே சிலுவை நார் அறுந்ததை எக்ஸ்-ரே படத்தில் நேராகக் காண முடியாது. “படத்தில் நார் தெரியவில்லையே, அறுந்துவிட்டதா?” என்று கேட்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். நல்ல நாயின் படத்திலும் அது தெரியாது. படத்தில் தெரிபவை நார் அறுந்ததன் விளைவுகள்: மூட்டுக்குள் நீர் கோத்திருப்பது, அந்நீர் முட்டிச்சில்லின் கீழுள்ள கொழுப்பை நெருக்கி அதன் நிழலைச் சிறுக்கச் செய்வது, எலும்பு விளிம்புகளில் புதிய முளைகள் தோன்றுவது முதலியவை.

நிற்க. நாரைக் காட்டாத படம் எதற்கு உதவும் என்றால், சரிவை அளப்பதற்கு உதவும். இதுவே இக்கட்டுரையின் முக்கியமான பகுதி.

அமெரிக்காவைச் சேர்ந்த பார்க்லே ஸ்லோக்கம் என்னும் கால்நடை அறுவை வைத்தியர், அறுந்த நாருக்குப் பதிலாக மற்றொரு நாரை வைத்துக் கட்டுவதைவிட, குழவி உருளாதபடி பலகையையே ஏறக்குறைய மட்டமாக்கிவிட்டால் கயிறே தேவைப்படாதே என்று எண்ணினார். கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியை வளைந்த வாளினால் அரைவட்டமாக அறுத்து, அத்துண்டைச் சுழற்றி, சரிவைச் சுமார் 5 டிகிரிக்குக் குறைத்து, உலோகத் தகடும் திருகாணிகளும் கொண்டு பொருத்தும் முறையை அவர் 1993-ம் ஆண்டில் வெளியிட்டார். 2002-ம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தின் சூரிக் நகரத்தார் வேறொரு முறையைக் கொண்டுவந்தனர். அதில் சரிவைத் தொடாமல், முட்டிச்சில்லின் நார் பற்றியிருக்கும் எலும்பு முகட்டை முன்னே தள்ளி வைப்பர். எந்த முறையானாலும், எவ்வளவு சுழற்றுவது, எவ்வளவு தள்ளுவது என்பது படத்தில் அளந்த அளவைப் பொறுத்தே நிச்சயிக்கப்படும். அளவு பிழைத்தால் அறுவையும் பிழைக்கும்.

அளக்கும் விதம் வருமாறு. நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, நோயுற்ற காலைத் தட்டின்மேல் கிடத்தி, முழங்காலையும் கணுக்காலையும் 90 டிகிரிக்கு மடக்க வேண்டும். கதிரின் நடு முழங்காலின் நடுவில் விழ வேண்டும். படத்தில் கணுக்காலும் அடங்க வேண்டும். தொடை எலும்பின் இரண்டு உருண்ட முனைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி ஒரே வளைவாகத் தெரிந்தால்தான் கால் நேராகக் கிடந்தது என்று பொருள். அவை 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகித் தெரிந்தால் அப்படத்தை அளவுக்குக் கொள்ளாமல் மறுபடியும் எடுப்பதே நலம்.

படம் கிடைத்தபின், கணுக்கால் எலும்பின் வட்டத்தின் மையத்திலிருந்து, மேல்தளத்தின் நடுவிலுள்ள இரண்டு சிறு முனைகளின் இடைப்புள்ளி வரை ஒரு கோடு இழுக்க வேண்டும். இதுவே காலின் அச்சு. மேல்தளத்தின் உட்பக்கத்து முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை இரண்டாவது கோடு. இரண்டு கோடுகளும் சந்திக்குமிடத்தில் அச்சுக்குச் செங்குத்தாக மூன்றாவது கோடு. இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் இடைப்பட்ட கோணமே சரிவு. பள்ளிப் பிள்ளையின் ஜியோமிதிப் பெட்டியிலுள்ள அளவுகோலும் கோணமானியுமே இதற்குப் போதும். இப்போது கம்ப்யூட்டர் திரையிலேயே கோடிழுத்து அளக்கிறார்கள், கணக்கு ஒன்றுதான்.

இவ்வளவு எளிதாயிருந்தும் பிழை நேருவது எவ்வாறு? மேல்தளத்தின் பின்விளிம்பு நிழல்களுக்கிடையே மங்கலாகத் தெரியும். நோய் முற்றி எலும்பு முளைகள் வளர்ந்திருந்தால் விளிம்பு எதுவென்று சொல்வதே கடினம். ஒரே படத்தை இரண்டு வைத்தியர்கள் அளந்தால் சில டிகிரி வேறுபடுவது சர்வசாதாரணம். கால் தட்டின்மேல் சற்று மேலோ கீழோ நகர்ந்து கிடந்தாலும் கோணம் மாறித் தோன்றும். இந்தச் சில டிகிரியின் விலை என்ன என்பதை ஒரு கணக்கால் காட்டுவோம்.

ஒரு நாயின் சரிவு 25 டிகிரி. அதை 5 டிகிரியாக்க வேண்டுமானால் 20 டிகிரி சுழற்ற வேண்டும். 24 மில்லிமீட்டர் ஆரமுள்ள வாளால் அறுத்தால், வளைவின் விளிம்பில் அத்துண்டு சுமார் 8.3 மில்லிமீட்டர் நகர வேண்டும். படம் கோணலாயிருந்ததால் சரிவு 29 டிகிரி என்று அளக்கப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். அப்போது 24 டிகிரி சுழற்றுவர். துண்டு சுமார் 10 மில்லிமீட்டர் நகரும். ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான வித்தியாசம். அரிசி மணியின் பருமன்தான். ஆனால் சரிவு 5-க்குப் பதில் 1 டிகிரியாகிவிடுகிறது. தேவைக்கு மேல் மட்டமாக்கினால் பாரம் பின்புறத்துச் சிலுவை நாரின்மேல் விழும். குறைவாகச் சுழற்றினாலோ குழவி இன்னும் உருளும். ஆகவே, படம் எடுப்பவர் காலை நேராகக் கிடத்துவதற்குச் செலவிடும் ஐந்து நிமிஷம், அறுவை வைத்தியரின் கைத்திறனுக்கு ஈடானது என்பது நமது அபிப்பிராயம்.

கோணத்தை அளக்கும்போது படம் பெரிதாகத் தெரிவதால் தோஷமில்லை. நீளத்தை அளக்கும்போதுதான் கவனம் வேண்டும். கதிர்க்குழாய் தட்டிலிருந்து 100 சென்டிமீட்டர் உயரத்திலும், முழங்கால் தட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்திலும் இருந்தால், படம் உண்மையைவிட ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு பெரிதாக விழும். பத்து ரூபாய் நாணயம் ஒன்றை முழங்காலின் உயரத்தில், தட்டுக்கு இணையாக வைத்துவிட்டால் போதும். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். படத்தில் 28.4 என்று அளந்தால் பெருக்கம் எவ்வளவு என்று எவரும் கணக்கிட்டுக் கொள்ளலாம். தகட்டின் நீளத்தையும் திருகாணியின் நீளத்தையும் இதைக்கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைப்பேசியில் சாய்வாகப் படம் பிடித்து வைத்தியருக்கு அனுப்பும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. யோசனை கேட்க அது உதவும், அளக்க உதவாது. படமே சாய்ந்துவிட்டபின் கோணத்துக்கு மதிப்பேது?

வலியுள்ள நாய் இவ்வளவு நேரம் அசையாமல் கிடக்காது. ஆகவே மயக்க மருந்து கொடுத்துப் படம் எடுப்பதே முறை. நம் மக்கள் மயக்க மருந்தென்றால் அஞ்சி, “நாங்களே பிடித்துக்கொள்கிறோம்” என்கிறார்கள். கதிர் பாயும் அறையில் மனிதர் நிற்பது தகாது. கர்ப்பிணிகளும் சிறுவர்களும் ஒருபோதும் நிற்கக் கூடாது. தூங்கும் நாயின் காலை மணல் பைகளாலும் நாடாக்களாலும் நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடலாம்.

முட்டிச்சில்லு விலகும் நோய் வேறு வகை. பொமரேனியன், ஸ்பிட்ஸ் போன்ற சிறு நாய்களில் சில்லு உட்புறமாக நழுவும். நாய் மூன்று கால்களில் நாலைந்து தாவல் தாவிவிட்டு, ஒன்றுமே நடவாததுபோல் மறுபடியும் நாலு கால்களில் ஓடும். அங்கே முன்பக்கத்துப் படத்தில் தொடை எலும்பின் வளைவை அளக்கிறார்கள். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு முதலிய பெரிய இனங்களில் அக்கோணம் 94 முதல் 98 டிகிரி அளவில் இருப்பதாக அளந்து வைத்துள்ளனர். எலும்பு வளைந்தும் முறுக்கியும் இருக்கும்போது சாதாரணப் படம் ஏமாற்றும். அப்போது சி.டி. ஸ்கான் உதவுகிறது. இங்கிலாந்தின் ஹௌன்ஸ்ஃபீல்டு என்பவர் உருவாக்கிய இந்த யந்திரம் 1971-ம் ஆண்டில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. உடலை மெல்லிய வில்லைகளாகப் பார்ப்பதால், கால் எப்படிக் கிடந்தாலும் எலும்பின் உண்மை வடிவைத் திரையில் திருப்பி அளக்கலாம். எம்.ஆர்.ஐ. நாரையும் குருத்துத் திண்டையும் நேராகவே காட்டும். இவை நல்லவை, ஆனால் செலவு மிக்கவை. நேராக எடுத்த ஓர் எக்ஸ்-ரே படம் செய்யக்கூடிய வேலைக்கு இவற்றைத் தேடி அலைவது அவசியமில்லை.

இனி நம் நாட்டு நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் மேலே சொன்ன அளவுகள் பெரும்பாலும் மேல்நாட்டு இனங்களில் எடுக்கப்பட்டவை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்பவை தமிழகத்தின் புகழ்பெற்ற இனங்கள். 2005-ம் ஆண்டில் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வெளிவந்தது. 2020-ம் ஆண்டில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய அளவில் இனங்களாகப் பதிவு செய்யப்பட்டன. மெலிந்து நீண்ட காலுடைய சிப்பிப்பாறையின் முழங்காலும் கொழுத்த லாப்ரடாரின் முழங்காலும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று எண்ணுவது சரியன்று. மேல்நாட்டு வேட்டை இனமான கிரேஹவுண்டின் சரிவு 20 டிகிரிக்கு மேற்பட்டிருந்தும், அதற்கு இந்நோய் அரிதாகவே வருகிறது. சரிவு ஒன்றே நாரை அறுப்பதில்லை. இனமும் கனமும் நாரின் உறுதியும் சேர்ந்தே அறுக்கின்றன என்பது இதனால் விளங்கும். பள்ளிக்கரணைத் தெருக்களில் நாம் காண்பவையோ இனம் சொல்ல முடியாத கலப்பு நாய்கள். அவற்றுக்கு எந்த இனத்தின் அளவை வைத்து ஒப்பிடுவது?

ஒரே வழி, நம் நாய்களை நாமே அளந்து வைப்பது. நோயுற்ற காலைப் படம் எடுக்கும்போது மற்றக் காலையும் அதே விதமாக எடுக்கும்படி கேட்கலாம். அதற்கு வேறொரு பயனும் உண்டு. ஒரு முழங்காலில் நார் அறுந்த நாய்களுள் ஏறக்குறைய பாதியளவுக்குச் சில ஆண்டுகளில் மற்ற முழங்காலிலும் அறுகிறது. அந்தக் காலின் பழைய அளவு கையிலிருந்தால் வைத்தியருக்கு அது பெரிய உதவி. வேப்பேரியில் 1903-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989 முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக உள்ளது. நம் பகுதியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்திலிருக்கும் அதன் மருத்துவமனைக்கு நாயைக் கொண்டு செல்வோர், முன்பு வேறெங்கேனும் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். வலியுள்ள நாய் வளர்த்தவரையும் கடிக்கும். ஆகவே வண்டியில் ஏற்றுமுன் வாயைத் துணி நாடாவால் கட்டுவதும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருப்பதும் அவசியம்.

அறுவைக்கு வசதியில்லாதவர் என்ன செய்வது? எடையைப் பார்க்க வேண்டும். 15 கிலோகிராமுக்குக் குறைந்த நாய்களுள் மிகப் பெரும்பாலானவை, சில மாதங்கள் ஓடவும் தாவவும் விடாமல் கட்டி வைத்து, தீனியை அளந்து கொடுத்து, வைத்தியர் தரும் மருந்தை மட்டும் கொடுத்துவந்தால் அறுவையின்றியே நடக்கத் தேறிவிடுகின்றன. நம் தெரு நாய்களுள் பல இந்த எடைக்குள் அடங்குபவை. அவற்றைச் சதுப்பு நிலத்து ஓரத்தில் கொண்டு விடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. பெரிய நாய்கள் அவ்வாறு தேறுவது அரிது. ராஜபாளையம் போன்ற நாயை வைத்திருப்பவர் அறுவையைப் பற்றி ஆரம்பத்திலேயே வைத்தியரோடு கலந்து பேசுவது நன்று. தாமதித்தால் குருத்துத் திண்டு கிழிந்து, விளிம்புகளில் முளைகள் வளர்ந்து, அளப்பதும் கடினமாகிவிடும்.

அறுவை முடிந்தவுடன் ஒரு படமும், எலும்பு கூடியதா என்று பார்க்க எட்டு வாரம் கழித்து ஒரு படமும் எடுப்பர். இரண்டிலும் சரிவை மறுபடி அளந்து, தகடு நகரவில்லை என்று தெரிந்துகொள்ளும்வரை நாயைக் கயிற்றில் பிடித்தே நடத்த வேண்டும். படங்களை ஈரம் படாத ஒரு காகித உறையில் போட்டு, எடுத்த தேதி, எந்தக் கால், நாயின் வயது, அன்றைய எடை ஆகியவற்றை உறையின்மேல் எழுதி, குடும்ப அட்டை வைத்திருக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.